பிள்ளை பெத்த வீட்டில் போனை எப்படி வைத்துக்கொள்வது

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுள்ள 42 நாட்களில், முதல் வாரம்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் அதிகம் பயப்பட வேண்டிய வாரம். ரத்தப்போக்கு, பிரஷர், காய்ச்சல், பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, பால் குடிக்காமை எல்லாமே பெரும்பாலும் இந்த நாட்களில்தான் தலைகாட்டும். வீட்டில் போன் இருக்கிறது, நர்ஸிடமும் போன் இருக்கிறது. ஆனாலும் நேரத்துக்குத் தகவல் போய்ச் சேராமல் போகிறது. பெரும்பாலும் காரணம் எளியதுதான்: பதிவேட்டில் உள்ள நம்பர் ஒலிக்கும் இடத்தில் தாய் இல்லை.

திருநெல்வேலிப் பக்கம் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கர்ப்பத்தைப் பதியும்போது கணவரின் நம்பரைக் கொடுப்பார்கள். அவர் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ வேலையில் இருப்பார். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். பதிந்தது ராதாபுரம் பக்கம், பிள்ளை பெத்தது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில், இப்போது இருப்பது சேரன்மகாதேவிப் பக்கம். பழைய ஊர் நர்ஸ் அழைத்தால் கணவர் எடுத்து, “அவ அம்மா வீட்ல நல்லாருக்கா” என்பார். புது ஊர் நர்ஸுக்கு இப்படி ஒரு தாய் வந்திருப்பதே தெரியாது. ஆகவே முதல் வேலை செயலியோ வீடியோவோ அல்ல, நம்பரைச் சரிசெய்வது.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

தாய் சேய் நல அட்டையில் இரண்டு நம்பர் எழுதச் சொல்லுங்கள். ஒன்று தாயின் கைக்கு எட்டும் போன், இன்னொன்று அதே வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவருடையது. தூரத்தில் உள்ள கணவரின் நம்பர் மூன்றாவதாக இருக்கட்டும். பிறகு அம்மா வீட்டு ஊரின் கிராம சுகாதார செவிலியரை நீங்களே அழைத்து நான்கு விஷயம் சொல்லுங்கள்: பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்), பிரசவ தேதி, சுகப்பிரசவமா ஆபரேஷனா, பிள்ளையின் எடை. அவர் நம்பர் தெரியாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கேட்டால் தருவார்கள்.

அட்டையின் எல்லாப் பக்கங்களையும், டிஸ்சார்ஜ் சீட்டின் இரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் தரையில் விரித்து வைத்துப் படம் எடுங்கள். எடுத்ததும் பெரிதாக்கி மாத்திரைப் பெயரும் ரத்த வகையும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கையில் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தில் பாதி எழுத்து மங்கிப் போயிருக்கும், நள்ளிரவில் அது உதவாது. படத்தை வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்திருங்கள்.

ரீசார்ஜ் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, 42 நாள் தாண்டும்வரை போட்டுவிடுங்கள். ‘அவுட்கோயிங் இல்லாட்டியும் இன்கமிங் வருமே’ என்று விட்டுவிட்டால், கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிடும். நர்ஸ் அழைக்கும்போது ‘உபயோகத்தில் இல்லை’ என்று வரும். அவர் பட்டியலில் நீங்கள் ‘தொடர்பு கொள்ள இயலவில்லை’ ஆகிவிடுவீர்கள்.

பட்டன் போனாக இருந்தால் ஸ்பீடு டயல் வையுங்கள். 2-ஐ அழுத்திப் பிடித்தால் நர்ஸ், 3-ஐப் பிடித்தால் ஆட்டோக்காரர், 4-ஐப் பிடித்தால் மகன் என்று. எழுத்துத் தெரியாத ஆச்சிக்கும் இது போதும். ஒருமுறை காட்டிக் கொடுத்து, அவரையே அழைக்க வைத்துப் பாருங்கள். டச் போனில் நர்ஸின் பெயருக்கு முன்னால் ‘அஅ’ சேர்த்துச் சேமித்தால் தமிழ்ப் பெயர்களில் மேலே வந்து நிற்கும். போன் பூட்டியிருந்தால் திறக்கும் முறை தாய்க்கும் அவள் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மைத்துனர் விரல் வைத்தால்தான் திறக்கும் என்றால் அந்த போன் வீட்டில் இருந்தும் இல்லாததுதான்.

இவ்வளவும் செய்த பிறகும், நம்பர்களைக் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: 108 ஆம்புலன்ஸ், 104 மருத்துவ ஆலோசனை, 102 தாய் சேய் ஊர்தி, 14416 மனநல உதவி, நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம், ஆட்டோ. போன் தொலைந்தாலும் சார்ஜ் தீர்ந்தாலும் பக்கத்து வீட்டு போனில் அழைக்கலாம்.

சிக்னலும் சார்ஜும்

பிள்ளை பெத்தவளைக் காற்றுப் படாமல் உள் அறையில் படுக்க வைப்பது நம் ஊர் வழக்கம். பழைய வீடுகளில் தடித்த சுவருக்குள் சிக்னல் ஒரு கோடுகூட வராது. அறை அறையாக போனை வைத்து, எங்கே முழுசாக ஒலிக்கிறது என்று இன்னொரு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஜன்னல் திண்டுதான் அந்த இடம். அதை போனின் இடமாக்கிவிட்டு, தாயின் கட்டிலையும் அந்தப் பக்கம் நகர்த்துங்கள். பிள்ளைக்கும் வெளிச்சம் கிடைக்கும், மஞ்சள் காமாலை கண்ணுக்குத் தெரியும்.

சேலைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜர் ஒயரைத் தொங்கவிட வேண்டாம். தலையணைக்கு அடியில் போட்டு சார்ஜ் ஏற்றவும் வேண்டாம், சூடாகும்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புகள் போன்ற மலைப்பகுதியில் போனை மட்டும் நம்பி இருக்க முடியாது. எந்த மேட்டில் ஏறினால் சிக்னல் வரும், இரவில் அங்கே யார் போவது, வண்டி யாரிடம் இருக்கிறது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும். சொந்த சிம்முக்கு டவர் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112 போகும், அதையும் முயன்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் தாமிரபரணிக் கரை ஊர்களில் கரண்டும் போனது, போனும் போனது. மழை எச்சரிக்கை வந்தால் பவர் பேங்க்கை நிரப்பி வையுங்கள். எடை குறைந்த பிள்ளையோ பிரஷர் உள்ள தாயோ இருந்தால், பாதை துண்டாகும் முன் ஆஸ்பத்திரி உள்ள ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்கு நகர்ந்துவிடுவது நல்லது.

நாள் கணக்கு

வீட்டு வருகைக்கான நாட்கள் 3, 7, 14, 21, 28, 42. பிள்ளை பிறந்த நாளை 1 என்று எண்ணுங்கள். 10ஆம் தேதி பிறந்தால் 12, 16, 23, 30 என்று போகும். இந்தத் தேதிகளைப் போன் காலண்டரில் போட்டு, முந்தைய நாள் மாலையே ஒலிக்கும்படி வையுங்கள். அன்று யாரும் வராவிட்டால் மறுநாள் காலை நீங்களே அழையுங்கள். நர்ஸ் ஒருவர் பல ஊர்களைப் பார்க்கிறார், விடுபடத்தான் செய்யும். ‘அவங்க வரட்டும்’ என்று உட்கார்ந்திருந்து பலனில்லை.

மாத்திரைக்கும் அலாரம் உதவும், ஆனால் ஒரே அலாரம் போதாது. இரும்புச் சத்து மாத்திரை தினம் ஒன்று, கால்சியம் தினம் இரண்டு, இரண்டுமே பிரசவத்துக்குப் பின் 180 நாள். ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பை உடம்பில் சேர விடாது. குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலைச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், மதியம் ஒன்று, இரவு சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இரும்பு என்று மூன்று அலாரம் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுங்கள். இரும்பு மாத்திரையோடு காபி, டீ கூடாது. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். அலாரம் சத்தத்தில் பிள்ளை விழித்துவிடுகிறது என்று இரண்டே நாளில் அணைத்துவிடுவார்கள். ஆகவே தொடக்கத்திலேயே மெல்லிய ஒலியாக வைத்து, பாட்டியின் போனில் வையுங்கள்.

அழைக்கும்போது என்ன கேட்பது

நர்ஸானாலும், மகளிர் குழுவில் இருந்து விசாரிப்பவரானாலும், வெளியூரில் இருக்கும் அக்கா, மதினி, கணவரானாலும் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். “எப்படி இருக்கே?” என்று கேட்டால் “நல்லாருக்கேன்” என்றுதான் பதில் வரும். அதை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எண்ணிச் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். ஆச்சி எடுத்தால் அவரிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசிவிட்டு, “பிள்ளை பெத்தவட்ட ஒரு நிமிஷம் குடுங்க ஆச்சி” என்று வாங்கிவிட வேண்டும். ஆச்சியை ஒதுக்கினால் அடுத்த தடவை போன் தாயிடம் போகாது.

ஐந்தாம் நாள் அழைப்பு ஒன்று இப்படிப் போகும்:

“ஸ்பீக்கர்ல போட்டிருக்கியாம்மா?”
“இல்ல சிஸ்டர், காதுலதான் வச்சிருக்கேன்.”
“நேத்து விளக்கு வச்சதுல இருந்து இப்ப வரைக்கும் பிள்ளை எத்தன துணி நனச்சுது?”
“ரெண்டு இருக்கும். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்னு ஆச்சி சொல்லுதாவ.”
“பால் எத்தன தடவ குடுத்த?”
“நாலு தடவ. தூங்கிக்கிட்டே இருக்கான். தூங்குத பிள்ளைய எழுப்பக் கூடாதுன்னுட்டாவ.”
“ஜன்னல் பக்கம் கொண்டு போய் உள்ளங்காலப் பாரு. லேசா அமுக்கி விட்டுப் பாரு. என்ன நெறம்?”
“...மஞ்சளாத்தான் தெரியுது சிஸ்டர்.”

‘எல்லாம் நல்லாருக்கு’ என்று இருந்த வீடு இது. மூன்று கேள்வியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய வீடாகிவிட்டது. பால் போதவில்லை, மூத்திரம் குறைந்தது, காமாலை ஏறியது, அதனால் இன்னும் தூக்கம், அதனால் இன்னும் பால் குறைவு என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். ஐந்தாம் நாளில் இருந்து 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது நனைய வேண்டும், 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். எடை முதல் வாரத்தில் கொஞ்சம் இறங்கும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினாலோ, இரண்டு வாரத்தில் பழைய எடைக்குத் திரும்பாவிட்டாலோ நேரில் காட்ட வேண்டும்.

எண்ணிக்கையை நினைவில் வைத்திருப்பது தூக்கம் கெட்ட தாய்க்கு நடக்காத காரியம். இதற்கென்று செயலி தேட வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில், மேல் பாதியில் பாலுக்கு ஒரு கோடு, கீழ்ப் பாதியில் நனைந்த துணிக்கு ஒரு கோடு. பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். காலையில் தாளைக் கிழிக்கும் முன் ஒரு படம் எடுத்து நர்ஸுக்கு அனுப்பினால் போதும்.

தாயிடம் ரத்தப்போக்கைக் கேட்கும்போது ‘எத்தன துணி’ என்பதோடு நிறுத்தக் கூடாது. மடித்த பழைய சேலைத் துணியும் கடைப் பேடும் ஒரே அளவு உறிஞ்சாது, ஆகவே எண்ணிக்கை ஏமாற்றும். ‘முழுசா நனைஞ்சு வடிஞ்சுதா, எவ்வளவு நேரத்துல?’ என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்று முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி வந்தாலோ 108தான். முதல் மூன்று நான்கு நாள் சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு வெளிர் என்று மாறிக்கொண்டே போக வேண்டும். மாறி வந்தது திடீரென்று மறுபடி நல்ல சிவப்பாகத் திரும்பி அதிகமானாலோ, நாற்றம் அடித்தாலோ காத்திருக்கக் கூடாது.

மற்ற கேள்விகள் சுருக்கமானவை. தலைவலி மண்டையைப் பிளக்கிறதா, கண் மங்குகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா? காய்ச்சல் 100.4 டிகிரி (பாரன்ஹீட்) தாண்டியதா? ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா? மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா? மார்பில் ஒரு பக்கம் சிவந்து கல்லாக இருக்கிறதா? ஒண்ணுக்குப் போக முடிகிறதா? வலிப்பு, மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் மேற்கொண்டு கேள்வி கேட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

அழைக்கும் நேரமும் முக்கியம். காலையில் தண்ணீர் பிடிப்பது, குளிப்பாட்டுவது, மருந்து இடிப்பது என்று வீடு ஓடிக்கொண்டிருக்கும். மதியம் இரண்டு மணிக்குத் தாயும் பிள்ளையும் கண்ணயர்ந்திருப்பார்கள். பதினொன்றரையில் இருந்து பன்னிரண்டரை பெரும்பாலும் வாய்ப்பான நேரம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் தாய் சீக்கிரமே தட்டை எடுத்து மடியில் வைத்துவிடுவாள். வார நாட்களில் எப்போது கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று கேட்டு, அந்த நேரத்தைத் தவிருங்கள். புகையிலைத் தூள் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும், பிள்ளை படுக்கும் அறையில் தட்டு இருக்கக் கூடாது என்று அப்போதே சொல்லிவிடலாம்.

போனைக் கருவியாக்குவது

மூச்சு எண்ண ஸ்டாப்வாட்ச் போதும். பிள்ளை அழாமல் தூங்கும்போது வயிற்றைத் திறந்து வைத்து, வயிறு ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணுங்கள். முழு 60 வினாடி எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. பச்சைப் பிள்ளை கொஞ்சம் வேகமாக விடும், கொஞ்சம் நிறுத்தும், பெருக்கினால் தப்பாகும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே வந்தாலோ, விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்து இழுத்தாலோ, முனகினாலோ ஆஸ்பத்திரி. எண்ணத் தெரியாத வீடானால், நர்ஸ் போனில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு “இப்ப தொடங்குங்க” என்று சொல்லலாம், தாய் ஒவ்வொரு மூச்சுக்கும் “ம்... ம்...” என்றால் போதும், எண்ணுவதை அவர் பார்த்துக்கொள்வார். வீடியோ எடுப்பதானால் போனை எவர்சில்வர் தூக்குவாளியில் சாய்த்து நிறுத்தி ஒரு நிமிடம் எடுங்கள். கையில் பிடித்தால் வயிறு அசைகிறதா போன் அசைகிறதா என்று தெரியாது.

மஞ்சள் காமாலையைப் படத்தில் பார்க்க முயல்வதுதான் அதிகம் ஏமாற்றும் வேலை. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும்படிதான் போன் கேமராவைச் செய்திருக்கிறார்கள். மஞ்சளை அது ‘சரி’ செய்துவிடும். அழகாக்கும் வசதி வேலை செய்தால் பிள்ளை ரோஜாப்பூவாகத் தெரியும். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் காமாலைதான். படம் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஜன்னல் வெளிச்சத்தில், பிள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டித் துணியை வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். மஞ்சள் தேய்த்துக் குளித்த ஆச்சியின் கை பட்ட இடமும் மஞ்சளாகத்தான் இருக்கும், ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். படத்தைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்லலாம். ‘ஒண்ணுமில்லை’ என்று மட்டும் சொல்லக் கூடாது. முதல் 24 மணி நேரத்தில் தெரியும் மஞ்சளுக்கும், உள்ளங்கை, உள்ளங்காலுக்கு இறங்கிய மஞ்சளுக்கும் படமே தேவையில்லை, கிளம்பிவிட வேண்டும். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நாலு நாள் கடத்தியதால் கெட்ட காரியம் நிறைய.

ஆபரேஷன் தையலுக்குப் படம் உதவும். கையைக் கழுவி, ஒரு சாண் தூரத்தில் இருந்து முழுத் தையலும் தெரிய ஒன்று, சந்தேகப்படும் இடம் ஒன்று. தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தால்தான் சிவப்பு பரவுகிறதா என்று ஒப்பிட முடியும். சீழ், பிளந்த தையல், சுற்றிலும் சூடு இருந்தால் அன்றைக்கே நேரில் காட்டுங்கள். இந்தப் படங்கள் தாயின் உடம்புப் படங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவள் சம்மதித்து, அவள் போனிலேயே எடுத்து, நர்ஸின் தனி எண்ணுக்கு மட்டும் போக வேண்டும். குடும்பக் குழுவுக்குப் போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் போனின் பொதுப் படத்தொகுப்பில் தானாகச் சேர்வதை நர்ஸ் தன் போனின் செட்டிங்ஸில் போய் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நர்ஸின் பிள்ளைகள் கேம் விளையாடும்போதும் படம் கண்ணில் படும்.

பிரஷர் கருவி வீட்டில் இருந்தால் கர்ப்பத்தில் பிரஷர் வந்த தாய்க்கு அது பெரிய துணை. மூன்றாம் நாளில் இருந்து ஆறாம் நாள்வரை பிரஷர் ஏறும் வழக்கம் உண்டு. வீட்டுக்கு வரும் நாளும் அதுவே. ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் தரையில் பட உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். போனில் பேசிக்கொண்டே பார்த்தால் கூடுதலாகக் காட்டும். அழைப்பை வைத்துவிட்டுப் பார்த்து, திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். 140/90 என்றால் அன்றே சொல்ல வேண்டும். 160/110 என்றால் தலைவலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி.

பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்க டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கப் போன் செயலியை நம்ப வேண்டாம். 99.5 தாண்டினால் சுற்றிய துணியைத் தளர்த்தி, பாலூட்டி, அரை மணியில் மறுபடி பாருங்கள். சித்திரை வெயிலில் மூன்று துணி சுற்றி வைத்திருப்பதே காரணமாக இருக்கலாம். இறங்காவிட்டாலோ, பால் குடிக்காவிட்டாலோ கிளம்புங்கள். 100.4 என்றால் அரை மணியும் வேண்டாம். 95.9-க்குக் கீழே போனாலும் அதே அவசரம்தான்; தாயின் நெஞ்சோடு தோலில் தோல் பட அணைத்தபடியே கூட்டிப் போக வேண்டும்.

பால் குடிக்கும் நிலையை வீடியோ அழைப்பில் பார்க்கலாம். போனைத் தாய் பிடிக்கக் கூடாது, அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். அம்மாவோ அக்காவோ பக்கவாட்டில், பிள்ளையின் கன்ன உயரத்தில் பிடிக்கட்டும். வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, தாடை மார்பில் முட்டுகிறதா என்பதைத்தான் நர்ஸ் பார்ப்பார். தொடங்கும் முன் அவர் பக்கம் வேறு யாரும் இருக்கிறார்களா என்று தாய் கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை.

108-ஐ அழைக்கும்போது

சொல்லும் வரிசை: பிள்ளை பெத்து எத்தனை நாள், இப்போது என்ன நடக்கிறது, எந்த ஊர். ‘சுடலைமாடசாமி கோவில் பக்கத்துல’ என்று அடையாளம் சொன்னால் நம் பக்கம் எந்த ஊரும் பொருந்தும். ஊர்ப் பெயரில் கீழ, மேல, வடக்கு, தெற்கு இருந்தால் அதை விடாமல் சொல்லி, தாலுகாவையும் பஸ் நிறுத்தத்தையும் சேருங்கள். கடையம், ஆலங்குளம் பக்கத்தார் பழக்கத்தில் திருநெல்வேலி ஜில்லா என்பார்கள். 2019-லிருந்து அது தென்காசி மாவட்டம். அழைத்த போனில் வேறு யாரிடமும் பேச வேண்டாம். வண்டிக்காரர் வழி கேட்டு அதில்தான் திரும்ப அழைப்பார். மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் சொல்ல இன்னொரு போனை எடுங்கள். ஒருவர் டார்ச் வெளிச்சத்தோடு ரோட்டு முனைக்குப் போகட்டும். ரத்தப்போக்கு என்றால் தாயை மட்டமாகப் படுக்க வைத்து, வண்டி வரும்வரை பிள்ளையை மார்பில் போடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் பிள்ளையும் கூடவே போக வேண்டும்.

மனசு சரியில்லாதபோது

முதல் சில நாட்கள் காரணமில்லாத அழுகை வரும், இரண்டு வாரத்தில் அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை என்றால் பேச வேண்டும். ஆனால் மாமியாரோ நாத்தனாரோ பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பெண்ணும் போனில் இதைச் சொல்லமாட்டாள். அழைப்பவர்தான் வழி செய்து தர வேண்டும்: “நான் கேட்குறதுக்கு ஆமா, இல்ல மட்டும் சொல்லும்மா.” பிறகு நேரடியாகக் கேளுங்கள், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ‘ஆமா’ என்றால் அவளைத் தனியாக விடக் கூடாது, அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். 14416 இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இல்லாத விஷயம் பேசுவது, யாரோ கூப்பிடுவதாகச் சொல்வது, நாள்கணக்கில் தூங்காமல் இருப்பது என்றால் அது அவசரம், கோவிலுக்கு அழைத்துப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் அடி உதை என்றால் 181.

போன் கொண்டு வரும் தொல்லை

பத்திய வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்துக்கு அளவே இல்லை. பெருங்காயம், பூண்டு லேகியம் எல்லாம் தாய்க்குக் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதுதான் கெடுதல், பால் கொடுப்பவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம்: சேனைத்தண்ணி, தேன், உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடும் வீடியோ வந்தால் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள்.

“பேறுகால உதவித்தொகை வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க” என்று அழைப்பவர்களும் உண்டு. பிரசவமான வீட்டில் பணம் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதில்லை, கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. வங்கி ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930. சந்தேகம் இருந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள நர்ஸ் நம்பருக்கு அழைத்துக் கேளுங்கள்.

நாற்பத்திரண்டாம் நாள்

எடை பார்ப்பது, ரத்தம் எடுப்பது, கர்ப்பப்பை சுருங்கியதா என்று தொட்டுப் பார்ப்பது, ஊசி போடுவது, இவை நேரில்தான் நடக்கும். ஆறு வாரத்தில் பிள்ளைக்குத் தடுப்பூசி நாள், பொதுவாகப் புதன்கிழமை. அன்றே தாயின் பிரஷர், ரத்த அளவு, தையல், காப்பர்-டி வைத்திருந்தால் அதன் நூல் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்க்கும் சோதனை உண்டு. பிரசவத்தோடு போய்விட்டது என்று விட்டுவிடுவார்கள், ஆகவே இதற்கும் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

பெண் மாமியார் வீட்டுக்குத் திரும்பும்போது நம்பர் வேலை மறுபடி தொடங்கும். இந்த ஊர் நர்ஸிடம் சொல்லிவிட்டு, அந்த ஊர் நர்ஸுக்கு அழைத்து, எந்தத் தேதியில் எந்தத் தடுப்பூசி போட்டது என்று அட்டைப் படத்தோடு அனுப்புங்கள். தையல் படங்களை இரண்டு பக்கத்திலும் அழித்துவிடுங்கள், அழித்தவை சேரும் தொட்டியில் இருந்தும். கதவில் ஒட்டிய தாளைக் கிழித்து எடுத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டு போகலாம், 180 நாள் மாத்திரைக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.